மாநாட்டில் இளம் ஆய்வாளர் விருது: இதயத் துடிப்பு மருத்துவத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கான சிறப்புப் பயிற்சியில் இருக்கிறீர்கள், அல்லது பயிற்சி முடித்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகிறது. கையில் ஓர் ஆய்வு இருக்கிறது. பாதி தரவு எக்ஸெல் கோப்பில், மீதி உங்கள் மேற்பார்வையாளர் தலையில். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் "மாநாட்டில் இளம் ஆய்வாளர் விருதுக்குப் போடேன்" என்கிறார். எங்கே போடுவது, எப்போது போடுவது, நம் ஆய்வு அதற்கெல்லாம் தேறுமா என்று குழம்பி நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏற்கெனவே மேடையேறி வந்தவர்கள் தாராளமாக வேறு வேலை பார்க்கலாம்.

ஆயிரக்கணக்கான நோயாளிகளின் தரவு இருந்தால்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டு நிறையப் பேர் விண்ணப்பிப்பதே இல்லை. எண்ணிக்கை உதவும், மறுக்கவில்லை. ஆனால் நடுவர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் தேடுவது வேறு: கேள்வி ஒன்றே ஒன்றாக, தெளிவாக இருக்கிறதா, எடுத்துக்கொண்ட முறை அந்தக் கேள்விக்குப் பதில் தரக்கூடியதா, இந்தப் பதிலை எதுவரை நம்பலாம் என்பது மேடையில் நிற்பவருக்கே தெரிகிறதா. கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த மூன்றையும் சுற்றித்தான்.

எங்கே போடுவது

இந்தத் துறையில் பெரிய சங்கங்கள் என்று பார்த்தால் அமெரிக்காவிலிருந்து இயங்கும் ஹார்ட் ரிதம் சொசைட்டி (1979இல் நாஸ்ப் என்ற பெயரில் தொடங்கி 2004இல் இந்தப் பெயருக்கு மாறியது), ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் கிளையான ஐரோப்பிய ஹார்ட் ரிதம் அசோசியேஷன், ஆசிய பசிபிக் ஹார்ட் ரிதம் சொசைட்டி ஆகிய மூன்றும் முதலில் நினைவுக்கு வரும். மூன்றுமே ஆண்டுதோறும் மாநாடு நடத்துகின்றன. இவை தவிர, பொது இதயவியல் மாநாடுகளிலும் துடிப்புக் கோளாறுகளுக்கென்று தனி அமர்வுகளும் இளையோர் போட்டிகளும் உண்டு. தேசியச் சங்கங்களை மறந்துவிடாதீர்கள். அங்கே போட்டி குறைவு, நடுவர்கள் நின்று பேசுவார்கள், முதல் மேடை அனுபவத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

போட்டி பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போடுவார்கள். பல இடங்களில் எழுதியவர் பெயரும் மருத்துவமனை பெயரும் மறைக்கப்பட்டிருக்கும். அதில் தேறும் சிலர் மாநாட்டு மேடையில் நடுவர் குழுவின் முன் பேச வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆய்வகப் பணிக்கும் நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கும் தனித்தனிப் பிரிவு வைக்கும் இடங்களும் உண்டு. உங்கள் ஆய்வு இரண்டுக்கும் நடுவில் இருந்தால் (நோயாளியின் மரபணு மாற்றத்தை ஆய்வகத்தில் வளர்த்த இதயச் செல்லில் வைத்துப் பார்ப்பது போல) எந்தப் பிரிவு என்று நீங்களாக முடிவு செய்யாமல் அமைப்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். பிரிவு மாறிப்போய் நல்ல ஆய்வு கவனிக்கப்படாமல் போவது நடக்கிற கதைதான்.

தகுதி விதியை வரி வரியாகப் படியுங்கள்

'இளம்' என்பதற்கு ஒவ்வொரு சங்கமும் ஒவ்வோர் அளவுகோல் வைத்திருக்கிறது. சில இடங்களில் வயது வரம்பு, சில இடங்களில் பயிற்சி முடித்து இத்தனை ஆண்டுக்குள் என்ற கணக்கு. பிரசவ விடுப்பு, நீண்ட மருத்துவ விடுப்பு போன்றவற்றைக் கழித்துக் கணக்கிட அனுமதிக்கும் இடங்களும் உண்டு, ஆனால் அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். சங்க உறுப்பினராக இருக்க வேண்டுமா, விண்ணப்பிக்கும் நாளில் பயிற்சியில் இருக்க வேண்டுமா அல்லது மாநாட்டு நாளிலா, முதல் ஆசிரியரும் பேசப்போகிறவரும் ஒருவராகவே இருக்க வேண்டுமா (பெரும்பாலும் ஆம்), ஒரே ஆய்வை இரண்டு போட்டிக்கு அனுப்பலாமா என்பதையெல்லாம் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஆய்வு ஏற்கெனவே முழுக் கட்டுரையாக வெளிவந்திருக்கக் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் உள்ள விதி. ஆகவே ஆர்வக்கோளாறில் கட்டுரையை முந்தி அனுப்பி, அது மாநாட்டுக்கு முன்பே வெளியாகிவிட்டால் சுருக்கத்தைத் திரும்பப் பெற வேண்டியதுதான். மறுபக்கம் பயப்படத் தேவையில்லை. மாநாட்டில் சுருக்கமாகப் படித்த ஆய்வைப் பிறகு கட்டுரையாக வெளியிட முக்கியமான மருத்துவ இதழ்கள் தடை சொல்வதில்லை. ஆனால் மாநாட்டுக்கு முன் முடிவுகளைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள், நிருபரிடம் பேசாதீர்கள். தடைக்காலம் (முடிவுகளை வெளியே சொல்லக் கூடாத காலம்) என்று ஒன்று வைத்திருப்பார்கள், அது விளையாட்டல்ல.

நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

சுருக்கம் அனுப்பக் கடைசி நாள், மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே வந்துவிடும். வசந்த காலத்து மாநாடு என்றால் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே கதவு மூடியிருக்கும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: கூட்டாசிரியர்கள் எல்லாரும் படித்துத் திருத்தம் சொல்ல இரண்டு வாரம் (மூத்தவர்கள் பயணத்தில் இருப்பார்கள், இருந்தே தீருவார்கள்), புள்ளியியலாளருக்கு ஒரு மாதம், தரவைச் சுத்தம் செய்ய நீங்கள் நினைப்பதைப் போல இரண்டு மடங்கு, அதற்கெல்லாம் முன்னால் நெறிமுறைக் குழு அனுமதி. இந்த அனுமதி எண் இல்லாமல் எதையும் அனுப்ப முடியாது, பின்தேதியிட்டு வாங்கவும் முடியாது. நோயாளிகளை நீங்களே பிரித்துச் சிகிச்சை கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். முக்கிய இதழ்களின் ஆசிரியர் குழு 2005இலிருந்தே இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

மேற்பார்வையாளரின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். கடைசி நாளுக்கு முந்தின இரவு கேட்டால் "நல்ல பிள்ளை, கடின உழைப்பாளி" என்று நாலு வரி வரும். மூன்று வாரம் முன்பே கேளுங்கள். கூடவே நீங்கள் இந்த ஆய்வில் என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். கேள்வியை யோசித்தது யார், மின் பதிவுகளை அளந்தது யார், பகுப்பாய்வு யாருடையது என்பது கடிதத்தில் வந்தால்தான் அது உங்கள் ஆய்வு என்று நம்புவார்கள்.

கேள்வியை எப்படித் தேர்ந்தெடுப்பது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1992இல் பெட்ரோ புருகாடாவும் ஜோசெப் புருகாடாவும் எழுதிய கட்டுரையில் இருந்தது எட்டே எட்டு நோயாளிகள். திடீரென இதயம் நின்றுபோய் மீட்கப்பட்டவர்கள், இதயத்தின் அமைப்பில் குறை எதுவும் இல்லை, ஆனால் ஈ.சி.ஜி.யில் வலப்பக்க மார்பு லீடுகளில் (மார்பின் வலப்பக்கம் ஒட்டும் மின்முனைகளில்) ஒரே மாதிரியான மாற்றம். 1998இல் ஐசகேர் குழுவினர் 45 நோயாளிகளைப் பார்த்து, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) தூண்டிவிடும் துடிப்புகள் கிளம்பும் இடங்களில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளில் இருக்கின்றன என்று காட்டினார்கள். இன்று உலகம் முழுக்கச் செய்யப்படும் அப்லேஷன் சிகிச்சையே (கோளாறைக் கிளப்பும் இடத்தைக் குழாய் விட்டுச் செயலிழக்கச் செய்வது) அதன் மேல்தான் நிற்கிறது. இரண்டிலும் எண்ணிக்கை சின்னது, கேள்வி கூர்மையானது.

எதிர்ப்பக்கத்தில் காஸ்ட் ஆய்வு இருக்கிறது. மாரடைப்புக்குப் பின் வென்ட்ரிக்கிளில் (இதயத்தின் கீழறையில்) கூடுதல் துடிப்பு வருகிறவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது தெரிந்த விஷயம், அப்படியானால் அந்தத் துடிப்பை மருந்தால் அடக்கினால் உயிர் பிழைப்பார்கள்தானே என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். என்கைனைடும் ஃபிளெகைனைடும் துடிப்பை நன்றாகவே அடக்கின. ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அந்த மருந்து சாப்பிட்டவர்கள் அதிகமாக இறந்தார்கள். 1989இல் முடிவு வெளிவந்தபோது துறையே ஆடிப்போனது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் அளப்பது ஈ.சி.ஜி.யில் ஒரு மாற்றமா, நோயாளிக்கு நடந்த ஒன்றா என்ற கேள்வியை இந்தத் துறை நடுவர்கள் கேட்காமல் விடவே மாட்டார்கள். அளப்பது வெறும் அடையாளக்குறி என்றால் தப்பில்லை, ஆனால் அதை அடையாளக்குறி என்றே சொல்லுங்கள்.

உங்கள் கேள்வி சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதை ஒரே வாக்கியத்தில், கேள்விக்குறியோடு எழுதிப் பாருங்கள். "ஐ.சி.டி. நோயாளிகளின் விளைவுகள் பற்றிய எங்கள் அனுபவம்" என்பது கேள்வியே இல்லை (ஐ.சி.டி. என்பது ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்து நிறுத்தும், உடலுக்குள் வைக்கும் கருவி). "முதல் தடுப்புக்காக (ஆபத்தான துடிப்பு ஒருமுறையும் வராதபோதே) ஐ.சி.டி. வைத்தவர்களில், பேட்டரி தீரும் வரை ஒருமுறைகூட ஷாக் வாங்காதவர்களுக்குப் புதுப் பேட்டரி மாற்றிய பிறகு ஷாக் தேவைப்படுகிறதா?" என்பது கேள்வி. யாரைப் பார்க்கிறோம், எதை அளக்கிறோம், தெரிந்தால் என்ன முடிவு மாறும் என்பது அதிலேயே இருக்கிறது.

சுருக்கம் எழுதும்போது

சுருக்கத்துக்கு எழுத்து எண்ணிக்கை வரம்பு உண்டு, அட்டவணையோ படமோ ஒன்று வைக்கலாம் என்பார்கள். மதிப்பிடுகிறவர் ஒரே மாலையில் டஜன் கணக்கில் படிக்கிறார், அதுவும் சிகிச்சை லேபிலிருந்து வந்த களைப்பில். ஆகவே பின்னணிக்கு இரண்டு வாக்கியம் போதும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மிகப் பரவலான துடிப்புக் கோளாறு என்று தொடங்காதீர்கள், அது அவருக்குத் தெரியும். முறைகளுக்கும் முடிவுகளுக்கும்தான் இடத்தைச் செலவழிக்க வேண்டும்.

முறைகளில் இந்தத் துறைக்கே உரிய சில பொறிகள் உண்டு. அப்லேஷனுக்குப் பிறகு கோளாறு திரும்பியதா என்று பார்க்கும் ஆய்வு என்றால், 30 விநாடிக்கு மேல் நீடிப்பதைத்தான் திரும்பியது என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமான வரையறையைப் பின்பற்றினீர்களா என்று எழுதுங்கள். சிகிச்சைக்குப் பின் உடனே வரும் துடிப்புகளைக் கணக்கில் எடுக்காமல் விடும் காலம் முன்பு மூன்று மாதமாக இருந்தது, 2024இல் வந்த பன்னாட்டு ஒருமித்த அறிக்கை அதை எட்டு வாரமாகக் குறைத்திருக்கிறது. நீங்கள் எதை வைத்தீர்கள் என்பதைச் சொல்லாவிட்டால் உங்கள் வெற்றிச் சதவீதத்தை யாராலும் ஒப்பிட முடியாது. எப்படிக் கண்காணித்தீர்கள் என்பது அதைவிட முக்கியம். வருடத்துக்கு இரண்டு ஈ.சி.ஜி. எடுத்து "கோளாறு திரும்பவில்லை" என்பதும், தோலுக்கடியில் லூப் ரெக்கார்டர் (துடிப்பை இடைவிடாமல் கவனித்துப் பதியும் சிறு கருவி) வைத்து அதையே சொல்வதும் ஒன்றல்ல. குறைவாகத் தேடினால் குறைவாகத்தான் கிடைக்கும்.

க்யூ.டி. இடைவெளியை (ஈ.சி.ஜி.யில் கீழறைகளின் மின் செயல்பாடு தொடங்கி அடங்கும் வரையான நேரம்) அளந்த ஆய்வு என்றால், துடிப்பு வேகத்துக்கேற்ப அதை எந்தச் சூத்திரத்தால் திருத்தினீர்கள்? பஸெட்டின் சூத்திரம் 1920இல் வந்தது, எல்லா இயந்திரத்திலும் அதுதான் இருக்கிறது, ஆனால் துடிப்பு வேகமாக இருக்கும்போது அது மிகையாகத் திருத்திக் காட்டும். உங்கள் இரு குழுக்களில் ஒன்றில் சராசரித் துடிப்பு கூடுதலாக இருந்தால், நீங்கள் கண்டுபிடித்ததாக நினைக்கும் வேறுபாடு முழுக்க அந்தச் சூத்திரத்தின் வேலையாக இருக்கலாம். அதே ஆண்டில் வந்த ஃபிரிடெரிசியா சூத்திரத்திலும் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம், "சிக்கல் எதுவும் ஏற்படவில்லை" என்ற வாக்கியம். எனக்கு இதைப் பார்த்தாலே கை பரபரக்கும். 60 பேருக்குச் செய்து ஒருவருக்கும் சிக்கல் வரவில்லை என்றால், உண்மையான சிக்கல் வீதம் பூஜ்யம் என்று ஆகாது. ஒரு எளிய கணக்கு இருக்கிறது: மூன்றை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 95 சதவீத நம்பக எல்லையின் (உண்மையான வீதம் இருக்கக்கூடிய வரம்பின்) மேல் விளிம்பு தோராயமாகக் கிடைக்கும். 60 பேர் என்றால் மூன்றின் கீழ் அறுபது, அதாவது 5 சதவீதம். ஆக, உங்கள் தரவு சொல்வது "சிக்கல் 5 சதவீதம் வரைகூட இருக்கலாம்" என்பதைத்தான், இதயத்துக்குள் குழாய் விட்டுச் செய்யும் சிகிச்சையில் அது சின்ன எண் கிடையாது. சுருக்கத்தில் "60இல் 0, மேல் எல்லை 5 சதவீதம்" என்று எழுதிப் பாருங்கள், எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்பது அந்த ஒரு வரியிலேயே விளங்கிவிடும்.

புள்ளியியல் சோதனையில் வரும் பி மதிப்பை மட்டும் போடாமல் வேறுபாட்டின் அளவையும் நம்பக எல்லையையும் போடுங்கள். முடிவுரையில் "மேலும் ஆய்வுகள் தேவை" என்று எழுத எடுத்துக்கொண்ட இடத்தில் உங்கள் கேள்விக்கான நேரடிப் பதிலை எழுதலாம். தலைப்பில் புதுமையான, முதன்முறையாக போன்ற சொற்களைப் போடாமல் இருப்பது நல்லது. அந்த "முதல்" என்பதைப் பொய்யாக்கும் கட்டுரையை எழுதியவரே நடுவராக உட்கார்ந்திருக்கலாம்.

அனுப்புவதற்கு முன் துறைக்கு வெளியே உள்ள ஒரு மருத்துவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் படித்துவிட்டு நீங்கள் கண்டுபிடித்ததைத் திரும்பச் சொல்ல முடியவில்லை என்றால் திருத்த வேண்டியது சுருக்கத்தைத்தான்.

மேடைக்குத் தேர்வானால்

சந்தோஷப்படுங்கள், பிறகு உடனே நேர வரம்பைப் பாருங்கள். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான், ஒலிவாங்கியை அணைத்துவிடுவார்கள். நிமிடத்துக்கு ஒரு ஸ்லைடு என்ற கணக்குக்கு மேல் போகாதீர்கள். மின் பதிவுகளைக் காட்டும்போது பத்துப் பன்னிரண்டு சேனலையும் அப்படியே ஒட்டாமல், பார்க்க வேண்டிய இரண்டு மூன்றை மட்டும் பெரிதாக்கி, எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்புக்குறி போடுங்கள். வேகம், அளவுகோல் இரண்டும் ஓரத்தில் தெரியட்டும். இந்தக் கூட்டத்தில் பதிவைத் தாங்களே படித்துப் பார்க்காமல் நம்புகிறவர்கள் யாரும் இல்லை, நீங்கள் பேசப் பேச அவர்கள் கண் அளந்துகொண்டுதான் இருக்கும். காணொளி வைத்தால் மாநாட்டுக் கணினியில் முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். நோயாளியின் பெயரோ மருத்துவமனை எண்ணோ ஸ்கிரீன் படத்தின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று இரண்டு பேரை வைத்துச் சரிபாருங்கள். இதயத்தின் மின் வரைபடம் போடும் மேப்பிங் கணினியிலிருந்து எடுக்கும் படங்களில் இது அடிக்கடி தப்பிவிடும்.

ஒத்திகை பார்க்கும்போது பேச்சைவிடக் கேள்வி நேரத்துக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். பேச்சை எல்லாரும் நன்றாகவே பேசிவிடுகிறார்கள், போட்டி பிரிவது கேள்வியில்தான். லேபில் உள்ள மூத்தவர்களைக் கூப்பிட்டு, இரக்கமே காட்டாமல் கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகள் எப்படியும் வரும்:

"மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஆய்வில் சேரவில்லை, ஏன்?" இதற்கு எண்ணோடு பதில் தயாராக இருக்க வேண்டும். கடைசிவரை தொடர்புக்குள் இல்லாமல் போனவர்கள் எத்தனை என்பதும் கூடவே வரும்.

"அப்லேஷன் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் நோய் கண்டறிந்த நாளிலிருந்து ஒப்பிட்டிருக்கிறீர்களே?" இது பொல்லாத கேள்வி. அப்லேஷன் செய்துகொண்டவர் அந்த நாள் வரை உயிரோடு இருந்தே ஆக வேண்டும், இடையில் இறந்தவர்கள் தானாகவே மறு குழுவில் விழுந்துவிடுவார்கள், ஆக அப்லேஷன் குழுவுக்கு உழைக்காமலே ஒரு சாதகம். பழைய பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு என்றால் இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒரு உபரி ஸ்லைடு வைத்திருங்கள்.

"ஒரு குழுவிலிருந்து மறு குழுவுக்கு மாறியவர்களை என்ன செய்தீர்கள்?" ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அப்லேஷனா மருந்தா என்று பார்த்து 2019இல் வெளிவந்த கபானா ஆய்வில் 2204 பேர் இருந்தார்கள், மருந்துக் குழுவில் கால்வாசிக்கும் மேலானவர்கள் பிறகு அப்லேஷனுக்குப் போய்விட்டார்கள். ஒதுக்கப்பட்டபடி கணக்கிட்டால் முதன்மை முடிவில் தெளிவான வேறுபாடு இல்லை, பெற்ற சிகிச்சைப்படி கணக்கிட்டால் அப்லேஷனுக்குச் சாதகமாகத் தெரிந்தது. எதை நம்புவது என்று அன்று தொடங்கிய வாக்குவாதத்தை நேரில் பார்த்தவர்கள்தான் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

"இதில் நீங்கள் செய்தது என்ன?" சிரித்துக்கொண்டு கேட்பார்கள், ஆனால் மதிப்பெண் இருக்கிற கேள்வி. பெருமையும் வேண்டாம், கூச்சமும் வேண்டாம். "பதிவுகளை நானும் இன்னொருவரும் ஒருவர் அளந்தது மற்றவருக்குத் தெரியாமல் தனித்தனியாக அளந்தோம், பகுப்பாய்வைப் புள்ளியியலாளருடன் சேர்ந்து செய்தேன், நெறிமுறை விண்ணப்பம் என்னுடையது" என்று சொன்னால் போதும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் சுற்றி வளைக்காதீர்கள். "அதை நாங்கள் பார்க்கவில்லை. தரவில் இருக்கிறது, பார்க்க முடியும்" அல்லது "இந்தத் தரவை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது" என்ற இரண்டில் எது உண்மையோ அதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கேள்வி கேட்டவர் பேசி முடிக்கும் முன் பதிலை ஆரம்பிக்கும் பழக்கம் இருந்தால் ஒத்திகையிலேயே விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறுவோமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: கேள்வியை ஒருமுறை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி "இதைத்தான் கேட்கிறீர்களா" என்று உறுதி செய்துகொள்வது முற்றிலும் ஏற்கப்பட்ட வழக்கம், யோசிக்கப் பத்து விநாடியும் கிடைக்கும்.

நிதி யாரிடமிருந்து வந்தது என்ற வெளிப்படுத்தல் ஸ்லைடை மறக்காதீர்கள். கருவி நிறுவனம் காதீட்டர் (இதயத்துக்குள் விடும் குழாய்) இலவசமாகக் கொடுத்திருந்தாலும் அதில் வர வேண்டும்.

விருது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்

மேடையிலிருந்து இறங்கியதும், மறப்பதற்கு முன், வந்த கேள்விகள் அத்தனையையும் எழுதிவையுங்கள்; நண்பர் ஒருவரைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்து எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போது மதிப்பாய்வாளர்கள் கேட்கப்போவதும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான், சில சமயம் அதே ஆட்களும்தான். கட்டுரை வரைவை மாநாட்டுக்குப் போகும் முன்பே முடித்துவைத்திருந்தால், திரும்பி வந்த இரண்டு வாரத்தில் இந்தக் கேள்விகளுக்கான பதில்களைச் சேர்த்து அனுப்பிவிடலாம். இதைத் தள்ளிப்போட்டவர்களின் சுருக்கங்கள் பல, சுருக்கமாகவே நின்றுபோயிருக்கின்றன.

இறுதிச் சுற்றுக்குத் தேர்வானதே தன்விவரக் குறிப்பில் எழுதத் தகுந்த விஷயம், "இறுதிப் போட்டியாளர்" என்று ஆண்டோடு குறிப்பிடுங்கள். நடுவர்களில் யாராவது அமர்வுக்குப் பிறகு நின்று பேசினால் முகவரி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வாரத்துக்குள் நன்றி சொல்லி நாலு வரி எழுதுங்கள், அவர் கேட்ட கேள்விக்கு இதற்குள் பதில் கண்டிருந்தால் அதையும் சேர்த்து. முதல் சுற்றிலேயே சுருக்கம் போஸ்டர் பகுதிக்குத் தள்ளப்பட்டிருந்தால், போஸ்டர் பக்கத்திலேயே சொன்ன நேரம் முழுக்க நில்லுங்கள், காபி குடிக்கப் போய்விடாதீர்கள். உங்கள் தலைப்பில் வேலை செய்கிற ஆள் உலகத்தில் பத்துப் பேர்தான் இருப்பார்கள், அவர்களில் இருவராவது அந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கம் வருவார்கள்.